எண்ணிப் பார்த்த பேரறிஞர்

ஓசூர்ச் சிப்காட்டில் ஒரு பட்டறையில் என் தந்தையார் லேத் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற ஆண்டு அப்பட்டறைக்குக் கணினி வந்தது. கணக்கெழுதிய இருவர் வேலையிழந்தனர். இலாபம் கூடியது கணினியாலா, அவ்வாண்டு ஆர்டர் பெருகியதாலா என்று தந்தையார் கேட்டார். விடை தெரியாமல் விழித்தேன். அக்கேள்வியே என்னைப் பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ் அவர்களின் வரலாற்றைப் படிக்கத் தூண்டியது.

1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிறந்த அன்னார், கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றவர். அங்கே அறிமுகமான புள்ளியியல் இதழொன்று அவர் பாதையையே மாற்றியது. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே, 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

1937 முதல் வங்காளத்துச் சணல் விளைச்சலைக் கணிக்க முற்பட்டார். எல்லா வயலையும் அளப்பது ஆகாத காரியம். ஆகவே, எவர் விருப்பமும் புகாதபடி சில இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்தார். ஒரே பகுதியில் இரு குழுவினர் தனித்தனியே அளந்தனர். இரு விடைகளின் வேறுபாடு பிழையைக் காட்டிக் கொடுத்தது. அளப்பவனையும் அளக்க வேண்டும் என்பதே அவர் நெறி.

1950இல் தேசிய மாதிரி ஆய்வு அவர் முயற்சியால் பிறந்தது. 1956இல் அவருடைய நிறுவனத்திற்கு வந்ததே இந்தியாவின் முதல் எண்முறைக் கணினி. 1972 ஜூன் 28 அன்று அவர் மறைந்தார்.

தொழிற்சாலைகளிடம் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் தொழில் ஆய்வும் அவர் காலத்தில் தொடங்கியதே. இன்று அதன் படிவத்தில் கணினிக் கருவிகளின் மதிப்புக்குத் தனி வரி உண்டு. உற்பத்தி, ஊதியம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவையும் உண்டு. கணினி வாங்கிய பட்டறைகள் பலவற்றை, ஓசூரிலோ எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியிலோ அதே தொழில் செய்யும், கணினி வாங்காத பட்டறைகளோடு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும். ஆர்டர் பெருக்கம் இரு சாராருக்கும் பொதுவாயின் கழிந்துவிடும். மிஞ்சும் வேறுபாட்டையே ஓரளவு கணினியின் பங்கு எனலாம். ஒரே பட்டறையின் ஓராண்டு இலாபம் எதையும் மெய்ப்பிக்காது.

இதைத் தந்தையாரிடம் சொன்னேன். வேலையிழந்த இருவர் அக்கணக்கில் எங்கே வருவர் என்று கேட்டார். ஆட்கள் என்ற கட்டத்தில் இரண்டு குறையும், அவ்வளவுதான். அவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதையும் எண்ணினால்தான் கணக்கு முழுமையாகும். நண்பர்களே, புள்ளியியல் கற்கும் நம் கடமை அதுவே.