மரியா மொன்ரிசோரி அம்மையார்

நன்னூல் தந்த பவணந்தி முனிவர் மாணாக்கரை அன்னம் என்றும், பசு என்றும், மண் என்றும், கிளி என்றும் பலவகைப்படுத்தினார். கேட்பவனின் கொள்ளும் ஆற்றலை உணர்ந்து ஆசிரியன் கற்பித்தல் வேண்டும் என்றும் விதித்தார். விதியை யாம் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதினோம். வகுப்பறையிலோ நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்தை, ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் ஊட்டும் வழக்கமே நிலைத்துவிட்டது. விரைந்து உணர்பவன் சலிப்புறுகின்றான். மெல்ல உணர்பவன் பின்தங்கி மனமுடைகின்றான். இக்குறையைத் தீர்க்க, பிள்ளை தன் வேலையைத் தானே தெரிந்தெடுக்கும் வகுப்பொன்றை நடத்திக் காட்டியவர் மரியா மொன்ரிசோரி அம்மையார். எம் நாட்டிற் பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகைதோறும் அவர் பெயர் விளங்குகின்றது. ஆயின் அவர் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 31ஆந் திகதி இத்தாலி தேசத்துக் கியாரவல்லே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகத்தர். தாயார் ரெனில்தே கல்வியில் ஆர்வம் மிக்கவர். குடும்பம் உரோமாபுரியிற் குடியேறிய பின் அங்கேயே அவர் கல்வி வளர்ந்தது. பெண்கள் மருத்துவம் பயில்வதை உலகம் ஏளனஞ் செய்த அக்காலத்தில், தந்தையாரின் விருப்பத்துக்கு மாறாக அவர் உரோமாபுரிச் சர்வகலாசாலையின் மருத்துவ பீடத்திற் சேர்ந்தார். ஆடவருடன் ஒருங்கிருந்து பிரேத பரிசோதனை செய்தல் தகாது எனத் தடுக்கப்பட்டமையால், மாலையில் எல்லோரும் சென்ற பின்னர், தனியே பிணங்களின் நடுவே நின்று அப்பாடத்தைக் கற்றார். 1896ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவரானார்.

வைத்தியராகிய அவரை ஆசிரியராக்கியவர்கள் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளே. அந்நாளில் அக்குழந்தைகள் பித்தர்களோடு ஒரே விடுதியில் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்குக் கையால் தொட்டு விளையாட ஒரு பொருளும் இல்லை. மருந்தினும் கல்வியே இவர்களுக்குத் தேவை என்பதை அம்மையார் உணர்ந்தார். இதார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் நூல்களை ஆழ்ந்து கற்றார். 1900ஆம் ஆண்டில் இத்தகைய குழந்தைகளுக்கென உரோமாபுரியில் தொடங்கிய பயிற்சிக் கலாசாலையை நடத்தும் பொறுப்பில் ஒருவரானார். கையால் தொட்டும் பொருத்தியும் கற்ற அப்பிள்ளைகளுட் சிலர், ஏனைய பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சையிலே தேறினர். ஊரார் வியந்து புகழ்ந்தனர். அம்மையாரோ வேறொன்றை எண்ணிக் கவலையுற்றார். குறைபாடுடைய பிள்ளை இவ்வளவு உயருமாயின், நலமுள்ள பிள்ளைகளை இத்துணைத் தாழ்வில் நிறுத்தி வைத்திருப்பது எது? இவ்வினாவே அவர் எஞ்சிய வாழ்நாளை ஆண்டது.

விடை தேட வாய்ப்புக் கிடைத்த இடம் சான் லொரென்சோ என்னும் ஏழைகளின் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குச் சென்ற பின் சிறுவர்கள் சுவர்களையும் படிகளையும் பாழாக்கினர். அவர்களைப் பார்த்துக்கொள்ளக் கட்டட உரிமையாளர் ஓர் அறையை ஒதுக்கினர். 1907ஆம் ஆண்டு தை மாதம் 6ஆந் திகதி அவ்வறையிலேதான் முதலாவது ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள். கவனிப்பவர் ஆசிரியப் பயிற்சி பெறாத ஓர் இளம்பெண்.

தொடக்கத்திற் கற்கைப் பொருள்கள் அலுமாரியிற் பூட்டப்பட்டிருந்தன. ஆசிரியை எடுத்துக் கொடுப்பார், பின் திரும்ப அடுக்குவார். ஒருநாள் அலுமாரி பூட்டப்படாதிருக்க, பிள்ளைகள் தாமே தமக்கு வேண்டியதை எடுத்து வேலையில் அமர்ந்துவிட்டனர். ஆசிரியை அதைக் களவென்று கருதித் தண்டிக்க எண்ணினார். அம்மையாரோ, எப்பொருள் எங்கே உள்ளது என்பதையும் தமக்குரியது எது என்பதையும் பிள்ளைகள் அறிந்துவிட்டனர் என்று கண்டார். அன்றுமுதல் பூட்டு நீங்கியது. பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வந்தன. அவர்களே தூக்கி வைக்கத்தக்க சிறு மேசைகளும் கதிரைகளும் வந்தன.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரத்துண்டுகளை அவற்றுக்குரிய குழிகளிற் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்த பிள்ளைகளைப் பாடச் செய்தும், அவளைக் கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அம்மையார் சோதித்தார். சிறுமி துண்டுகளை மடியில் அணைத்துக்கொண்டு, நாற்பது தடவைக்கு மேல் அவ்வேலையைச் செய்து, பின் தானே நிறுத்தி மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தாள். தானே தெரிந்த வேலையிற் பிள்ளைக்கு வாய்க்கும் ஒருமுக நிலை எத்தகையது என்பதை அம்மையார் அன்று கண்டார்.

இத்தெரிவுரிமை மனம் போன போக்கன்று. ஒரு பொருளின் பயன்பாட்டை ஆசிரியர் முதலிற் செய்து காட்டுவார். காட்டப்பெற்ற பின்னரே பிள்ளை அதனை எடுக்கலாம். ஒவ்வொரு பொருளும் ஒன்றே இருக்கும். ஆதலின் மற்றவன் முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமையும் உடன் வளரும். எடுத்த பொருளை எடுத்த இடத்திலே வைத்தல் வேண்டும். பிழை நேர்ந்தால் பொருளே அதனைக் காட்டிவிடும்; பொருந்தாத துண்டு குழியினுள் இறங்காது. ஆசிரியர் தனித்தனி நோக்கி, எவனுக்கு அடுத்தது எது என்று அறிந்து வைப்பார். இவ்வாறு ஒரே அறையில் ஒருவன் எண்ணுவான். ஒருத்தி எழுத்துருவங்களை விரலாற் தடவுவாள். வேறொருவன் தரையைக் கூட்டுவான். எல்லோரும் முன்னேறுவர், ஒருவரும் காத்துக் கிடப்பதில்லை.

1909ஆம் ஆண்டில் அம்மையார் தம் முறையை நூலாக்கினார். 1912இல் அது ஆங்கிலத்தில் வர, அவர் புகழ் உலகெங்கும் பரந்தது. 1915இற் சான் பிரான்சிஸ்கோப் பொருட்காட்சியிற் கண்ணாடிச் சுவரமைத்த வகுப்பறையில் இம்முறை நடத்திக் காட்டப்பட்டது. மறுப்பும் எழாமல் இல்லை. அமெரிக்கக் கல்வியறிஞர் கில்பாற்றிக் 1914இல் எழுதிய நூலில், பொருள்கள் குறுகிய பயனுடையன, கற்பனைக்கு இடந்தருவன அல்ல என்று கண்டித்தார். அம்மறுப்பு முற்றும் பொய்யென்று யாம் சொல்லோம். எனினும் விதை வேறிடத்திலும் முளைத்தது. அம்மையாருடன் பணியாற்றிய எலன் பாக்கேர்ஸ்ற் என்பார், 1920ஆம் ஆண்டளவில் டோல்ற்றன் என்னும் ஊரின் உயர்தரப் பள்ளியில் வளர்ந்த மாணவர்க்கும் இதனை விரித்தார். மாதத்துக்குரிய வேலையை ஏற்றுக்கொள்ளும் மாணவன், எப்பாடத்தை எப்போது, எவ்வளவு நேரம் செய்வது என்பதைத் தானே வகுத்துக்கொள்வான்.

அம்மையாரின் சொந்த வாழ்வு துன்பமற்றதன்று. 1898இற் பிறந்த அவர் மகன் மரியோ, திருமணத்தின்வழி வாராத பிள்ளை என்னும் உலகப் பழிக்கு அஞ்சி வேறோர் இல்லத்தில் வளர்க்கப்பட்டான். பிறர் குழந்தைகளை நாள்முழுதும் நோக்கிய தாய், தன் குழந்தையைப் பலகாலம் உடன் வைத்திருக்க இயலவில்லை. இளைஞனான பின் அவன் தாயிடம் வந்து, இறுதிவரை அவர் பணிக்கு வலக்கையாக விளங்கினான். முசோலினி முதலில் அளித்த ஆதரவை அம்மையார் ஏற்றுக்கொண்டார். ஆயின் தானே தெரியப் பழகிய பிள்ளைகளும் தலைவன் சொல்லுக்கு மட்டும் தலையசைக்க வேண்டிய ஆட்சியும் நெடுங்காலம் ஒத்திருத்தல் ஆகுமோ? 1934இற் பிணக்கு முற்றி, இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் வாழ்ந்தவர் 1936இல் எழுந்த உள்நாட்டுப் போரால் அங்கிருந்தும் நீங்கி ஒல்லாந்தை அடைந்தார்.

1939ஆம் ஆண்டில் பிரமஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரிற் குதிக்கவே, பிரித்தானிய அரசு மரியோவைச் சிறைவைத்து, அம்மையாரையும் வெளிச்செல்லாது தடுத்தது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளன்று மகன் விடுவிக்கப்பட்டான். பின்னர்க் கொடைக்கானலிலும் வேறிடங்களிலும் ஆசிரியர் பலரைப் பயிற்றினார். 1944ஆம் ஆண்டளவில் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். 1952ஆம் ஆண்டு வைகாசி மாதம் 6ஆந் திகதி ஒல்லாந்து தேசத்து நூர்ட்வைக் என்னும் கடற்கரையூரில், எண்பத்தொரு வயதில் உயிர்நீத்தார்.

அம்மையாரின் மரப்பொருள்கள் விலையுயர்ந்தவை. அவற்றை வாங்க இயலாத பள்ளி அவருடைய கொள்கையை இலவசமாகவே பெறலாம். ஒரு செய்யுளைக் கற்பித்த பின், பொருளை உரைநடையில் எழுதுதல், ஓசையோடு ஓதிக் காட்டுதல், காட்சியைச் சித்திரமாக்கல், உரையாடலாக நடித்தல் என நான்கு வேலைகளை முன்வைத்து, ஒன்றைத் தெரிந்தெடுக்க விடுவோமாயின், கடைசி வாங்கிற் குனிந்திருந்த மாணவனும் தலை நிமிர்வதை யாம் கண்டிருக்கின்றோம். அடைய வேண்டிய எல்லை எல்லோர்க்கும் ஒன்று, வழிகள் பல. விழாக் காணும் எம் கல்லூரியின் மாணாக்கர் பலர் பல துறைகளிற் சிறந்தோங்கினர். அவர்கள் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவரல்லர். இனி வரும் பிள்ளைகளுக்கும் தத்தம் வழி தெரிந்து செல்லும் உரிமையும், அதனைத் தாங்கும் ஒழுங்கும் ஒருங்கே வாய்ப்பதாக.