நண்பன்ர பாஸ்போட்டில் போன ஓவியர்



நான் பக்டரியில் வேலை செய்கிறவன். ஏ.எல். வரைக்கும்தான் படிச்சனான். இவனுக்கு ஓவியத்தைப் பற்றி என்ன தெரியும் எண்டு நீங்கள் கேட்கலாம். போன மாரியில் மார்க்கத்தில் எங்கட வீட்டுக் குசினி மேசையில் மகள் ஒரு தாளில் சாயத்தைப் பூசி, மேலே இன்னொரு தாளை வைத்து அமத்தி உரிச்சாள். கற்பாறையும் பாசியும் போல ஒரு படம் வந்தது. இதையே செய்து பேரெடுத்த ஒருவர், எங்களைப் போல ஓடி வந்தவர் என்று பிறகு நூலகத்தில் வாசித்து அறிந்தேன்.

அவர் பெயர் மக்ஸ் ஏர்ண்ஸ்ட். 1891 ஏப்ரல் 2ஆம் திகதி ஜேர்மனியில், கொலோன் நகரத்துக்குக் கிட்ட உள்ள புறூல் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாத்தியார். மகன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். ஓவியப் பள்ளிக்கூடம் போனதில்லை. முதலாம் உலக யுத்தத்தில் பட்டாளத்தில் இருந்தார்.

1922இல் பிரான்சுக்குப் போகப் பத்திரங்கள் கிடைக்கவில்லை. போல் எலுவார் என்ற கவிஞர் அவருடைய நண்பர். அவரின்ர பாஸ்போட்டில் போய்ச் சேர்ந்தார். எங்கட சனத்துக்கு இது புதுக்கதை இல்லைத்தானே! அங்கே, கனவில் காண்பதைப் போலப் படம் கீறும் சர்ரியலிச ஓவியர்களில் முக்கியமானவர் ஆனார்.

1936இல் ஓஸ்கார் டொமிங்கேஸ் என்ற ஸ்பானிய ஓவியர் சாயத்தை ஒற்றி எடுக்கும் முறையைச் சர்ரியலிசக்காரருக்குக் காட்டினார். டெக்கல்கோமேனியா என்று அதற்குப் பெயர். ஏர்ண்ஸ்ட் அதை எண்ணெய்ச் சாயத்தில் செய்தார். ஈரச் சாயத்தில் கண்ணாடியையோ தாளையோ அமத்தி இழுத்தால், சாயம் நரம்பு நரம்பாகவும் பவளப் பாறை போலவும் நிற்கும். அதை உற்றுப் பார்த்து, தெரிகிற உருவத்தைத் தூரிகையால் வெளியே கொண்டு வருவார்.

1937இல் நாசிகள் மியூனிக்கில் கேலிக்காக வைத்த கண்காட்சியில் அவருடைய படமும் இருந்தது. ஆனால் 1939இல் யுத்தம் தொடங்கியதும், பிரான்ஸ் அவரை ஜேர்மன்காரன் எண்டு பிடித்து, லெ மில் என்ற இடத்தில் செங்கல்லும் ஓடும் செய்த தொழிற்சாலையில் அடைத்தது. இரண்டு பக்கத்துக்கும் அவர் எதிரி. விடுதலையானவரை 1940இல் திரும்பவும் பிடித்தார்கள். தப்பி ஓடினார்.

1941இல் மார்செய் துறைமுகத்தில் வேரியன் பிறை என்ற அமெரிக்கரின் குழு அவருக்கு உதவியது. ஸ்பெயின் எல்லையில் நடந்ததை அவரே பிறகு சொல்லியிருக்கிறார். பத்திரம் சரியில்லை எண்டு பிரெஞ்சு அதிகாரி மறித்தாராம். பெட்டியில் இருந்த படங்களைப் பார்த்த பிறகு, எந்த ரயில் ஸ்பெயினுக்குப் போகுது, எது திரும்பிப் போகுது என்று காட்டி, மாறி ஏற வேண்டாம் என்றாராம். ஏர்ண்ஸ்ட் ஸ்பெயின் ரயிலில் ஏறினார். அந்த ஜூலையில் நியூயோர்க் வந்தார். அங்கேயும் முதலில் எல்லிஸ் தீவில் தடுத்து வைத்துத்தான் விட்டார்கள்.

பிரான்சில் தொடங்கிய ஒரு படத்தை 1942இல் அமெரிக்காவில் முடித்தார். பெயர் ‘மழைக்குப் பின் ஐரோப்பா’. ஒன்றரை மீற்றர் அளவு நீளம். உருகிச் சிதைந்த தூண்கள், பறவைத் தலையோடு ஒரு உருவம், முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண், மேலே நீல வானம். அது ஹார்ட்போர்ட் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லாரும் தப்பவில்லை. அவருடைய முதல் மனைவி லூயிஸ் ஸ்ட்ராவுஸ் யூதப் பெண். அவர்களின் மகன் ஜிம்மி 1938இலேயே நியூயோர்க் வந்துவிட்டார். தாய் பிரான்சிலேயே அகப்பட்டு, 1944இல் அவுஷ்விற்ஸ் முகாமுக்குக் கொண்டு போகப்பட்டுக் கொல்லப்பட்டார்.

ஏர்ண்ஸ்ட் 1948இல் அமெரிக்கக் குடியுரிமையும் 1958இல் பிரெஞ்சுக் குடியுரிமையும் பெற்றார். 1976 ஏப்ரல் 1ஆம் திகதி பாரிசில் காலமானார். அடுத்த நாள் அவருக்கு 85 வயது.

பிள்ளையளோட இந்த வருஷப்பிறப்பு லீவில் சாயம் ஒற்றிப் பாருங்கோ. முதலில் அழுக்குப் போலத்தான் தெரியும். அவசரப்பட்டுக் குப்பையில் போடாதேங்கோ. காய விட்டு, கொஞ்ச நேரம் பாருங்கோ.