பேய் வராத படமும் ஆளுநராக வந்த நடிகரும்

கொம்பனித்தெருவில் ரியோ தியேட்டருக்குக் கிட்ட ஒரு நண்பரின் மாடி அறை இருக்கிறது. மாதம் ஒருமுறை அங்கே பழைய படம் போடுவார்கள். பதினைந்து, இருபது பேர் வருவோம். போன மாதம் 'நிதானய'. சிங்களத்தில் புதையல் என்று பொருள். 1972 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். பேய்ப்படம் என்று யாரோ வட்ஸ்அப்பில் போட்டுவிட்டதால் வழமையாக வராத பெடியள் நான்கைந்து பேரும் வந்திருந்தார்கள்.

முக்கால் மணித்தியாலம் போனதும் அவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போய்விட்டார்கள். பேய் வரவில்லை. வரப்போவதும் இல்லை. பழைய வளவு வீடொன்று, கடனில் மூழ்கிய பிரபு ஒருவர், கிராமபோன், நீளமான மௌனங்கள். அவ்வளவுதான்.

கதை இதுதான். மலைக் குகையில் புதையல் இருக்கிறது என்றும், கழுத்தில் நான்கு கறுப்பு மச்சம் உள்ள கன்னிப் பெண்ணைப் பலி கொடுத்தால் அது திறக்கும் என்றும் வில்லி அபேநாயக்க நம்புகிறார். வாழ வழியின்றிச் சாகப்போன நேரத்தில் ஆற்றங்கரையில் அப்படியொரு பெண்ணைக் காண்கிறார். அவளைத் திருமணம் செய்கிறார். அன்பாகவே நடத்துகிறார். பிறகு பூசை என்று சொல்லிக் குகைக்குக் கூட்டிப் போகிறார். புதையல் கிடைக்கவில்லை. காவல் பூதம் உண்மையில் இருக்கிறதா என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை.

விளக்கைப் போட்டதும் வாக்குவாதம் தொடங்கியது. இதில் பயப்பட என்ன இருக்கிறது, அரைவாசியை வெட்டியிருக்கலாம் என்றார் ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இது பேய்க்கதையே அல்ல, அழிந்துபோகும் நிலப்பிரபு வர்க்கத்தின் கதை என்று பாடம் எடுத்தார். எனக்குப் பக்கத்தில் வன்னியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் இருந்தார். சிங்களம் முழுதாக விளங்காததால் படம் முழுக்க நான் அவருக்குக் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. அந்த மனிசன் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லையே, முதல் நாளிலிருந்தே முடிவெடுத்துவிட்டுத்தானே அன்பு காட்டினான், அதுதான் தனக்கு நடுக்கமாக இருக்கிறது என்றார். பிறகு, நடித்தது யார் என்று கேட்டார்.

காமினி பொன்சேகா என்றேன். எங்கள் வடக்கு கிழக்குக்கு ஆளுநராக இருந்தவர் என்று சேர்த்துச் சொன்னதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு அன்றிரவு என்னிடம் முழுப் பதில் இருக்கவில்லை.

1936 மார்ச் 21 இல் தெஹிவளையில் பிறந்தவர். கல்கிசை பரி. தோமாவின் கல்லூரியில் படித்தார். நடிகனாகும் எண்ணத்தை விட கமராவுக்குப் பின்னால் நிற்கும் ஆசைதான் முதலில் இருந்தது. 1956 இல் வெளிவந்த லெஸ்டரின் 'ரேகாவ' படத்தில் உதவியாளராக இருந்தார். டேவிட் லீன் கித்துல்கலவில் 'குவாய் நதிப் பாலம்' எடுத்தபோது அங்கும் எடுபிடி வேலை செய்தார். 1960 இல் வந்த 'சந்தேசய' அவரை நாடறிந்தவராக்கியது. அதைத் தயாரித்தவர் தமிழரான கே. குணரத்தினம். ஹெந்தளையில் இருந்த அவருடைய விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. நாங்கள் படம் பார்த்த அறையின் யன்னலால் தெரியும் ரியோவும் அதே மாதம் எரிந்ததுதான். நவரத்தினம் குடும்பம் 1965 இல் கட்டிய தியேட்டர் அது. 70 மில்லிமீற்றர் திரையில் 'சவுத் பசிபிக்' படத்தோடு திறந்தார்கள். இப்போது உயர்மாடிகளுக்கு நடுவே கரிபிடித்த பல்லுப்போல நிற்கிறது. பேய் பார்க்க வந்த பெடியள் அதைக் கடந்துதான் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

காமினியின் வாழ்க்கையில் வடக்கும் கிழக்கும் திரும்பத் திரும்ப வருவதைத் தேடத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். 1962 இல் வந்த முதல் சிங்கள வண்ணப்படமான 'ரன்முத்து தூவ' திருகோணமலையில் எடுக்கப்பட்டது. அதிலும் புதையல்தான், கடலுக்கடியில். 1971 இல் 'வெலிகதர' படத்தில் யாழ்ப்பாணத்து மணல்வெளியில் கடத்தல்காரரை எதிர்கொள்ளும் பொலிஸ் அதிகாரி. இடையில் 'பரசது மல்' மூலம் இயக்குநரும் ஆனார். அடிதடிக் கதாநாயகனாக அவருக்கு இருந்த ரசிகர் கூட்டம் மிகப் பெரியது. அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து கை ஓங்காத, குரல் உயராத ஒரு கொலைகாரனாக்கினார் லெஸ்டர். அந்தப் படத்தின் தயாரிப்பாளர் அந்தோனிப்பிள்ளை, ஒளிப்பதிவாளர் எம்.எஸ். ஆனந்தன். வெனிஸ் விழாவில் அதற்கு விருது கிடைத்தது. 1997 இல், இலங்கை சினிமாவின் 50 வருடங்களில் வந்த படங்களில் மிகச் சிறந்தது என்றும் தெரிவானது. இருந்தும் அதைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. பூதம் வந்து கொன்றிருந்தால் மனதுக்கு எவ்வளவு ஆறுதல்!

1979 இல் 'சருங்கலே'. பட்டம் என்று அர்த்தம். சுனில் ஆரியரத்ன இயக்கினார். அதில் காமினி, நடராஜா என்ற யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர். ஊரில் சாதி, தெற்கில் இனம் என இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு, 1958 கலவரத்தில் வந்து முடியும் வாழ்க்கை. சிங்கள சினிமாவில் தமிழன் கடைக்கார முதலாளியாகவும் சிரிப்புக்குரியவனாகவும் வந்துகொண்டிருந்த காலத்தில், உச்ச நட்சத்திரம் ஒருவர் அந்த வேடத்தை ஏற்றது சின்ன விடயமல்ல. எனக்குத் தெரிந்த முதியவர்கள் சிலர் இன்றும் அவரை நடராஜா என்றுதான் சொல்வார்கள்.

நான்கு வருடத்தில் ஜூலை வந்தது.

1989 இல் ஐக்கிய தேசியக் கட்சியில் மாத்தறை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போனார். 1994 வரை பிரதி சபாநாயகர். அதே 1994 இல் அவர் இயக்கி வெளிவந்த 'நொமியென மினிஸ்சு' இராணுவச் சிப்பாய்களின் கதை. பிறகு 1995 முதல் 1998 வரை வடக்கு கிழக்கு மாகாண ஆளுநர்.

அந்த வருடத்தை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒக்டோபர் 30 இரவு நான் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்தேன், வயது ஐந்து. மழை, நாவற்குழிப் பாலத்தில் அசையாத சனம். டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் கொடி ஏறியது. ஆளுநரின் செயலகம் திருகோணமலையில் இருந்தது. மாகாண சபை 1990 இலேயே கலைக்கப்பட்டுவிட்டதால் மாகாண நிர்வாகம் முழுவதும் ஆளுநரின் பெயரில்தான் நடந்தது. உண்மையான அதிகாரம் இராணுவத்திடமும் கொழும்பிடமும் இருந்தது என்பதும் தெரியும். ஆனாலும் அது வெறும் கதிரை என்று சொல்லி என்னால் கடந்துபோக முடியவில்லை. நடராஜாவை நடித்தவர் என்பதால்தான் அந்தப் பதவிக்கு அவர் நல்ல முகமாக இருந்தார். அவர் அதை ஏற்காமல் விட்டிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நல்லெண்ணத்தோடு வந்தார் என்று வாதிடும் தமிழ் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். வந்திருக்கலாம். அதை மறுக்க என்னிடம் ஆதாரமில்லை.

2004 செப்டெம்பர் 30 இல், போர்நிறுத்தக் காலத்தில், ஜா-எலவில் காலமானார்.

இவ்வளவையும் போன கிழமை அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். அடுத்த மாதம் 'சருங்கலே' போடப்போகிறோம், தமிழ் உபதலைப்பு இல்லை, நான்தான் பக்கத்தில் இருந்து சொல்லவேண்டி வரும் என்றேன். வருவதாகச் சொன்னார். வைப்பதற்கு முன் ஒன்றை மட்டும் மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்: நடராஜா முன்னுக்கா, ஆளுநர் முன்னுக்கா?