ஓலைகளை மீட்ட நம்பி

திருவேற்காடு என்றதும் கருமாரி அம்மன்தான் நினைவுக்கு வரும். அவ்வூர் சிவன் மீது திருஞானசம்பந்தர் பாடிய பதிகமும் உண்டு. அதை நமக்குத் தந்தவர் நம்பியாண்டார் நம்பி.

திருநாரையூர்க்காரர். அவர் கதை இது: 985-இல் பட்டமேறிய ராஜராஜ சோழன் தேவாரத்தைத் தேடினான். சிதம்பரத்தில், பூட்டிய அறையில் ஓலைகள் இருப்பதாக நம்பி சொன்னார். பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றனர் தீட்சிதர்கள். மூவரும் மறைந்து எத்தனையோ காலம்! மன்னன் அவர்களுடைய சிலைகளை ஊர்வலமாகக் கொண்டுவந்தான். கதவு திறந்தது. உள்ளே கறையான் புற்று! எண்ணெய் ஊற்றிக் கரைத்தார்கள். பெரும்பகுதி அழிந்திருந்தது. மிஞ்சியதை நம்பி திருமுறைகளாகத் தொகுத்தார். பண் தெரியவில்லை, பாணர் குலப் பெண் ஒருத்தி பாடிக் காட்டினாள்.

வேற்காட்டுப் பதிகம் தப்பியது. சூதில் வென்ற பொருளால் அடியார்களுக்குச் சோறிட்ட அவ்வூர் மூர்க்க நாயனாரையும் நம்பி தம் திருவந்தாதியில் பாடியிருக்கிறார்.