மக்களிடம் துண்டேந்திப் படம் எடுத்த ஜான் ஆபிரகாம்

டிசம்பர் மாதம் வந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் சர்வதேசத் திரைப்பட விழா களை கட்டிவிடும். ஈரான், ஜப்பான், பிரான்ஸ் தேசத்துப் படங்களைப் பார்க்க, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு இளைஞர்கள் தியேட்டர் வாசல்களில் வரிசையில் நிற்பார்கள். இந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்ததல்ல. 1965-ல் அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் இந்நகரில் சித்ரலேகா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினர். சொசைட்டிக்காரர்கள் மட்டும் பார்த்துவந்த இத்தகைய படங்களைத் தெருவுக்குக் கொண்டுசென்றவர் டைரக்டர் ஜான் ஆபிரகாம். தமிழர்களாகிய நமக்கு அவரிடம் தனி உறவும் உண்டு.

1937 ஆகஸ்ட் 11-ந் தேதி பிறந்த ஜான், குட்டநாட்டுக்காரர். பட்டம் பெற்றபின் எல்.ஐ.சி.யில் உத்தியோகம் கிடைத்துப் பெல்லாரிக்குப் போனார். முதல் தேதி சம்பளம், முடிவில் பென்ஷன் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று குமாஸ்தா வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியும். அந்த நிம்மதியை உதறிவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார் ஜான். வங்கத்து மேதை ரித்விக் கட்டக் அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

1972-ல் ஒரு மலையாளப் படம் எடுத்தார். அடுத்து 1977-ல் அவர் எடுத்தது தமிழ்ப் படம். அதுதான் 'அக்ரஹாரத்தில் கழுதை'. கதை வசனம் விமரிசகர் வெங்கட் சாமிநாதன். பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றைப் பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார். ஊர் கேலி செய்கிறது. நடக்கும் தீமைக்கெல்லாம் அதன்மேல் பழி போட்டு அடித்துக் கொல்கிறது. பிறகு அதே ஊர் அந்தக் கழுதையைத் தெய்வமாகக் கும்பிடுகிறது!

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ஆனால் விருது வாங்கிய படத்தைத் தமிழ் ஜனங்கள் பார்த்தார்களா என்றால், இல்லை. பிலிம் சொசைட்டிகளில் பார்த்தவர்கள்தான் அதிகம். 1989-ல் தூர்தர்ஷனில் காட்டுவதாக இருந்து, எதிர்ப்புக் கிளம்பியதால் அதுவும் நின்றுபோயிற்று.

படம் எடுத்தால் மட்டும் போதாது, ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும். ஜானின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு கவலையில்தான் கழிந்தது. 1984-ல் கோழிக்கோட்டில் நண்பர்களுடன் 'ஒடேசா' என்ற அமைப்பைத் தொடங்கினார். ரஷ்ய மேதை ஐசன்ஸ்டைனின் 1925-ம் ஆண்டுப் படத்தில் வரும் ஒடேசா படிக்கட்டு சினிமா ரசிகர்களுக்குப் பரிச்சயம். பெயர் அங்கிருந்து வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பறை கொட்டி ஆட்களைக் கூட்டினார்கள். பம்பாய்க் குடிசைவாசிகளைப் பற்றி ஆனந்த் பட்வர்தன் எடுத்த டாக்குமெண்டரியைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் கொடுத்த சில்லறையையும் நோட்டையும் சேர்த்துத்தான் 1986-ல் 'அம்மா அறியான்' உருவாயிற்று. முதலாளி கிடையாது, விநியோகஸ்தர் கிடையாது.

இறந்துபோன இளைஞன் ஒருவனின் தாயிடம் சேதி சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சி வரை போகிறார்கள் நண்பர்கள். வழியில் ஒவ்வொருவராகச் சேர்ந்து கூட்டமாகிவிடுகிறது. படத்துக்குப் பணம் சேர்ந்ததும் அப்படித்தான்.

குடியும் நாடோடி வாழ்க்கையும் அவரை அரித்தன என்பதை மறைப்பதற்கில்லை. கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்தின் மாடியிலிருந்து தவறி விழுந்து 1987 மே 31-ந் தேதி காலமானார். வயது ஐம்பதுகூட நிறையவில்லை. முடித்த முழுநீளப் படங்கள் நான்கே நான்கு. கேரளத்துப் பிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பு அவர் பெயரால் குறும்படங்களுக்கும் டாக்குமெண்டரிகளுக்கும் விருது வழங்கிவருகிறது.

இங்குள்ள தமிழ் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலைப்படம் என்றாலே புரியாது என்று ஒதுங்கிவிடுகிறோம். 'அக்ரஹாரத்தில் கழுதை' எந்தச் சொசைட்டியிலாவது திரையிடப்பட்டால் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். சப்-டைட்டில் படிக்கும் சிரமம் நமக்கு இல்லை. மலையாளி ஒருவர் நம் மொழியில் எடுத்த படத்தை நாமே பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது?