அணையா அடுப்பு தந்த அடிகளார்

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்தனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில் ஆகும். மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூ இரசமும் நம் வீடுகளில் மணக்கும் காலம் அது. தமிழ்க் காப்பியத்தில் வரும் மிகப் பெரிய விருந்தும் இந்த இளவேனிலில்தான் பிறக்கிறது. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், வைகாசி விசாகத்தன்று கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி என்னும் பாத்திரம் வெளிப்படுகிறது. ஆதிரை என்னும் நல்லாள் அதில் முதல் பிச்சை இடுகிறாள். பிறகு எடுக்க எடுக்க அதில் அன்னம் குறைவதே இல்லை.

இது கதை. ஆனால் இக்கதையை அதே வைகாசித் திங்களில் உண்மையாக்கிக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவரே வள்ளலார் எனப் போற்றப்படும் இராமலிங்க அடிகளார்.

அடிகளார் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். தாயார் குழந்தைகளுடன் பொன்னேரிப் பக்கத்துத் தம் பிறந்த ஊருக்கு வந்து, பின்னர் சென்னை ஏழுகிணற்றில் குடியேறினார். எனவே வடசென்னையில் வாழும் நமக்கு அடிகளார் அயலார் அல்லர்!

ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு அவர் நடந்தே செல்வார். இன்று நாம் பேருந்தில் போகவே சலித்துக்கொள்ளும் தூரம் அது. அங்குள்ள வடிவுடையம்மன் மீது அவர் 101 பாடல்கள் கொண்ட மாலை ஒன்றைப் பாடியுள்ளார். ஒருநாள் இரவு நேரம் கடந்து வீடு திரும்பியபோது கதவு தாழிடப்பட்டிருந்தது. யாரையும் எழுப்ப மனமின்றித் திண்ணையிலேயே பசியோடு படுத்துவிட்டார். அப்போது வடிவுடையம்மனே அண்ணியின் உருவில் வந்து, ஒன்றும் கேளாமல் சோறிட்டுச் சென்றாள் என்று அடியார்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

1858-இல் சென்னையை விட்டு நீங்கிய அடிகளார், வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார். பசியை அவர் வெறும் வயிற்றுத் துன்பமாகக் கருதவில்லை. மனிதனின் அறிவு, அன்பு, மானம் எல்லாவற்றையும் அழிக்கும் நெருப்பாகவே கண்டார். 1866-இல் சென்னை மாகாணத்தின் வடபகுதியிலும் ஒரிசாவிலும் கொடும் பஞ்சம் நிலவியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1867 மே 23-ஆம் நாள், அதாவது வைகாசி 11 அன்று, வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஊர் மக்கள் 80 காணி நிலம் அளித்தனர். 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட அடுப்பில் அன்று மூட்டிய தீ இன்றும் அணையவில்லை. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் அங்கே நாள்தோறும் சோறு வழங்கப்படுகிறது.

உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சிட்டது 1898-இல். அடிகளாரோ 1874 ஜனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் சித்தி அடைந்தார். ஆகவே அச்சு நூலைப் படித்து அவர் சாலை அமைக்கவில்லை. ஆயினும் இரண்டுக்கும் பெரும் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் உண்டு. அமுதசுரபிக்கு விறகு வேண்டாம், அரிசி வேண்டாம். வடலூர் அடுப்புக்கோ விறகு வெட்டவும், அரிசி களையவும், அடுத்தவரிடம் தீயை ஒப்படைக்கவும் கைகள் வேண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அக்கைகள் ஓயாதிருப்பதுதான் உண்மையான அற்புதம் அல்லவா?

வீட்டுச் சமையலுக்கும் அடிகளார் ஒரு குறிப்புத் தந்துள்ளார். கரிசலாங்கண்ணி இலை ஒரு பங்கு, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஒவ்வொன்றும் கால் பங்கு. இவற்றை உலர்த்திப் பொடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்பொடியைத் தண்ணீரும் பசும்பாலும் விட்டுக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை கலந்து காலையில் பருகலாம். விலை உயர்ந்த பொருள் எதுவும் இதில் இல்லை. இலைகள் நம் பக்கத்துக் கீரைக்காரம்மாவிடமே கேட்டால் கிடைக்கும்.

தோழியரே! துறைமுகத்திலும் எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் இரவு வேலை முடித்து வரும் தந்தையருக்காகவும், கடலுக்குச் சென்ற அண்ணன்மாருக்காகவும் நம் அன்னையர் சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கின்றனர். அவர்கள் காப்பதும் அணையா அடுப்பே. நம்மால் தருமச்சாலை கட்ட முடியாது. ஆனால் நம் வகுப்பிலும் சில நாள் வெறும் வயிற்றோடு வருவோர் உண்டு. மதியம் நாம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பவள் திறக்கவில்லை என்றால், காரணம் கேளாமல் மூடியில் பாதிச் சோற்றை வைத்து அவள் பக்கம் நகர்த்துவோம்.