குறும்பின் மொழி கற்றவர்: மரியா மாண்டிசோரி அம்மையார்

பட்டினப்பாக்கம் கடற்கரையில், அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தருகே நின்று தென்மேற்கே நோக்கினால், அக்கரையில் அடர்ந்த மரக்கூட்டம் ஒன்று தெரியும். அது பிரம்மஞான சபையின் தோட்டம். நம் இலக்கிய வட்டத்து அன்பர்கள் பலர் அம்மரங்களைப் பார்த்தபடியே கவிதை பேசியிருக்கிறார்கள். 1939ஆம் ஆண்டின் இறுதியில், அத்தோப்பினுள் அமைத்த ஓலைக் கொட்டகைகளில், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஏறத்தாழ 300 பேர் பாய் விரித்து அமர்ந்து ஓர் இத்தாலிய மூதாட்டியின் சொற்பொழிவைக் கேட்டுக் கொண்டிருந்தனர். அவர் தம் தாய்மொழியில் பேசினார். அருகில் நின்ற மகன் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். அவ்வம்மையார் மரியா மாண்டிசோரி.

பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு புலவரின் வரலாற்றை எதிர்பார்த்திருப்பர். கவிஞர் கூடும் இடத்தில் குழந்தைக் கல்வியாளருக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்டால், பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்தை விடையாகக் காட்டுவேன். ஆண்பாற் பிள்ளைத்தமிழில், சிறுமியர் பாடுபட்டுக் கட்டிய மணல் வீட்டைப் பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் காலால் எற்றி அழிக்க வருகிறான். அழிக்க வேண்டா என அவர்கள் இறைஞ்சுகிறார்கள். சிறுபறைப் பருவத்தில் அவன் ஊர் செவிடுபடப் பறை முழக்குகிறான். நூற்றாண்டுகளாக நம் புலவர் பெருமக்கள் இவ்வழிவையும் இரைச்சலையும் அழகெனக் கண்டு பாடி வந்துள்ளனர். ஆனால் அதே செயலை நம் வீட்டுக் கூடத்தில் நம் பிள்ளை செய்தால், கை பிரம்பைத் தேடுகிறது. இலக்கியத்தில் இனிப்பது இல்லத்தில் ஏன் கசக்கிறது என்ற வினாவோடுதான் நான் இவ்வம்மையாரின் வாழ்க்கையை அணுகினேன்.

இத்தாலியில் அங்கோனாவுக்கு அருகிலுள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் அவர் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதற்காக அவர் கடந்த தடைகள் பல. அவற்றை விரிக்கின், சொல்ல வந்தது பின்தங்கிவிடும்.

அவர் உள்ளத்தைத் திருப்பிய காட்சி அம்மாநகரின் மனநோய் விடுதி ஒன்றில் கிடைத்தது. அறிவு வளர்ச்சி குன்றியோர் என ஒதுக்கப்பட்ட குழந்தைகள், பித்தர்களோடு பித்தர்களாக, வெறும் அறை ஒன்றில் அடைக்கப்பட்டிருந்தனர். உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் விழுந்து சிந்திக் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். காவற்பெண் அதை அருவருப்போடு சொன்னாள். பெருந்தீனி என்பது அவள் துணிபு. மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே கையால் தொட, பிடிக்க, உருட்ட ஒரு பொருளும் இல்லை. வயிற்றின் பசியன்று அது, கைகளின் பசி என்று அவர் கண்டார். ஒரே செயலைக் கண்ட இருவருள் ஒருத்தி அதற்குக் குற்றம் எனப் பெயரிட்டாள். மற்றவர் அதன் பொருளைத் தேடினார். உரையாசிரியர் மரபில் வந்த நமக்கு இவ்வேறுபாடு புதியதன்று. பொருள் விளங்காத அடியைப் பிழைபட்டது என்று வெட்டுவோரும் உண்டு. மீண்டும் மீண்டும் படித்து அதன் இடமறிந்து பொருள் காண்போரும் உண்டு.

அப்போது அவருக்குத் துணையாயின, மறக்கப்பட்டுக் கிடந்த இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்கள். ஒருவர், காட்டில் தனித்துத் திரிந்த சிறுவனுக்கு மனிதப் பழக்கம் கற்பிக்க முயன்ற இத்தார். மற்றவர் அவர் வழிவந்த செகேன். செகேனின் நூலை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே முழுதும் எழுதினாராம். ஒவ்வொரு சொல்லின் எடையையும் உணர வேண்டும் என்பது நோக்கம். ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோர்க்கு இது புரிந்திருக்கும்.

1900இல் ரோமாபுரியில் தொடங்கப்பட்ட, குறைபாடுடைய குழந்தைகளுக்கான பயிற்சி நிலையத்தை அவரும் மருத்துவர் மாண்டிசானோவும் இணைந்து நடத்தினர். அங்குப் பயின்ற சில குழந்தைகள் எழுத்திலும் படிப்பிலும் பிற குழந்தைகளோடு பொதுத் தேர்வெழுதித் தேறியபோது ஊரார் வியந்தனர். அவருக்கோ வேறொரு வியப்பு. குறையுடையோர் என்று தள்ளப்பட்டவர்களே இந்நிலைக்கு வரக்கூடுமாயின், நலமுடைய குழந்தைகளை அந்த அளவிலேயே நிறுத்தி வைப்பது எது என்று அவர் கேட்டார்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மாண்டிசானோவுக்கும் அவருக்கும் 1898 மார்ச்சு 31இல் ஓர் ஆண்மகவு பிறந்தது. திருமணம் நடைபெறவில்லை. குழந்தை நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் வளர விடப்பட்டது. உலகத்துக் குழந்தைகளின் உள்ளத்தைப் படித்தவர், தம் மகனைப் பதினைந்து ஆண்டுகள் விருந்தினரைப் போல் வந்து பார்த்துச் சென்றார். தம் தாய் இறந்த பின்னரே, 1913 அளவில், மரியோ என்னும் அம்மைந்தனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். அப்போதும் உலகின் முன் அவன் உறவினன் என்றே அறியப்பட்டான். இவ்வரலாற்றை எழுதுவோர் சிலர் இப்பகுதியைத் தாவிச் செல்கின்றனர். ஒரு பெண்ணாக அவர் செலுத்திய விலையை அவ்வாறு தாவிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

1907 சனவரி 6ஆம் நாள், சான் லொரென்சோ என்னும் ஏழையர் பகுதியில் முதற் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அதன் பிறப்பு வேடிக்கையானது. அங்குக் குடியிருப்புகளைப் புதுப்பித்த நிறுவனத்தார்க்கு ஒரு தொல்லை இருந்தது. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின், பள்ளி செல்லும் வயதெய்தாத பிள்ளைகள் படிக்கட்டிலும் நடையிலும் திரிந்து சுவர்களைக் கீறிப் பாழாக்கினர். சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவைவிடப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துக் காக்கும் செலவு குறைவு என்று கணக்கிட்டு, மாண்டிசோரியை அழைத்தனர். ஆக, சுவரைக் காக்கப் பிறந்த பள்ளி அது! வாரியக் குடியிருப்புகளின் மாடிப்படிகளைத் தினமும் ஏறி இறங்கும் பட்டினப்பாக்கத்தார்க்குக் கீறல் விழுந்த சுவர்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுக்கு மேற்பட்ட அக்குழந்தைகளை ஆசிரியப் பயிற்சி பெறாத இளம்பெண் ஒருத்தியின் பொறுப்பில் விட்டு, அவர் கவனிக்கலானார். பிள்ளைகளைத் திருத்துவதற்கு முன் சூழலைத் திருத்தினார். கனத்த பெஞ்சுகளுக்கு மாறாகக் குழந்தையே தூக்கக்கூடிய சிறு நாற்காலிகள், அதன் கைக்கெட்டும் உயரத்தில் பொருள்கள், துழாவவும் அடுக்கவும் மரத்துண்டுகள். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றின் குழிகளில் பொருத்தி எடுப்பதை நாற்பது முறைக்கு மேல் செய்தாள். சுற்றிலும் பாட்டுப் பாடியும், அவள் இருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும், அவள் கவனம் சிதறவில்லை. முடித்தபோது களைப்பில்லை, களிப்பே இருந்ததாம். அடங்காமை என்று நாம் அழைப்பது பெரும்பாலும் வழி தவறிய இவ்வாற்றலே என அவர் பின்னாளில் தெளிந்தார். வேலை கிடைத்த கை சுவரைக் கீறுவதில்லை.

பரிசும் தண்டனையும் அவ்வில்லத்தில் எவ்வாறு உதிர்ந்தன என்பதற்கு அவர் தம் நூலில் எழுதிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. நன்னடத்தைக்காகச் சிலுவைப் பதக்கம் பெற்ற சிறுவன் ஒருவன் தன் வேலையில் ஈடுபட்டு அங்குமிங்கும் சென்று வந்தான். தண்டனையாக நாற்காலியில் இருத்தப்பட்ட மற்றொருவன் நடுவே சும்மா அமர்ந்திருந்தான். பதக்கம் கீழே விழ, தண்டனை பெற்றவன் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உரியவனோ அதைப் பொருட்படுத்தாமல், வேண்டுமானால் நீயே அணிந்துகொள் என்னும் பாங்கில் தன் வேலையைப் பார்க்கச் சென்றான். வேலை உடையவனுக்குப் பரிசு சுமை. வேலை அற்றவனுக்கு அது ஆறுதல். இருவரும் நிறைவோடிருந்தனர் என்பதுதான் இதில் நுட்பம்.

கட்டற்று விடுவதே அவர் கொள்கை எனச் சிலர் கருதுவது தவறு. பிறரை வருத்தும் செயலை அவர் தடுத்தே தீர்வார். அத்தகைய குழந்தைக்கு மூலையில் தனி மேசையும் வசதியான சிறு நாற்காலியும் போட்டு, அதற்கு விருப்பமான விளையாட்டுப் பொருள்களைக் கொடுத்து, மற்றவர் வேலை செய்வதைப் பார்க்கும்படி அமர்த்துவார். உள்ளே வரும்போது முதலில் அதனிடம் சென்று, நோயுற்ற பிள்ளையை விசாரிப்பது போல் அன்பு காட்டுவார். தனியே அமர்த்துவது சரிதானா என இன்றைய குழந்தையியலார் தயங்குவர். எனக்கும் அத்தயக்கம் உண்டு. ஆயினும் அவமானப்படுத்துவது அதன் நோக்கமன்று என்பதை ஒப்பத்தான் வேண்டும்.

என் இளைய மகன் மூன்று வயதில் பிற குழந்தைகளைக் கடிப்பான். ஒரு பாலர் பள்ளி அவனை வேண்டாவென்று திருப்பியனுப்பியது. முனைவர் பட்டம் பெற்ற நான் செய்ததெல்லாம், அடிப்பதும் பின்னர் அழுவதுமே. அடுத்துச் சேர்த்த இடத்தில் இருந்த ஆயா ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், நான்கு நாள்கள் சும்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: கைகழுவும் குழாயடியில் பிள்ளைகள் நெருக்கும்போது மட்டுமே அவன் கடிக்கிறான். மறுநாள் முதல் அவனை முதலாவதாக அழைத்து, மற்றவர்க்குத் துண்டு எடுத்துக் கொடுக்கும் வேலையைத் தந்தார். நெருக்கினால் ‘தள்ளு’ என்று சொல்லவும் பழக்கினார். சில வாரங்களில் கடிப்பது நின்றது. செயலுக்கு முன் என்ன நடந்தது, அதனால் குழந்தை பெற்றது என்ன, அதையே வேறு நல்வழியில் பெற எதைக் கற்பிக்கலாம் என்று ஆராயும் இம்முறையை நேர்மறை நடத்தை ஆதரவு என்று இன்றைய அறிஞர் வழங்குகின்றனர். இது மாண்டிசோரி வகுத்த முறையன்று. அவருக்குப் பின் வேறு ஆய்வு நெறியில் வளர்ந்தது. ஆனால் ரொட்டித் துணுக்கைப் பொறுக்கிய கைகளைப் பார்த்த கண்ணும் ஆயாவின் கண்ணும் ஒன்றே என எனக்குத் தோன்றுகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன வதையையும் தடை செய்கிறது. எனினும் அச்சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதினரையே முதன்மையாகக் கருதியது. கடிக்கும் வயதோ மூன்று!

புகழ் விரைந்து வந்தது. 1909இல் வெளியான அவரது நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1929இல் மகனோடு சேர்ந்து அனைத்துலகச் சங்கம் நிறுவினார். தொடக்கத்தில் முசோலினியின் ஆதரவை அவர் ஏற்றது ஒரு கறையே. 1934இல் இத்தாலியிலும், அதற்கு முன்பே நாசி ஜெர்மனியிலும், அவர் பள்ளிகள் மூடப்பட்டன. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்ட ஸ்பெயினிலிருந்தும் வெளியேறி ஆலந்து சேர்ந்தார்.

அங்கிருந்தவரை அழைத்தவர்கள், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவியும் ஆவர். 69 வயதில் வானூர்தி ஏறி, 1939 நவம்பரில் சென்னை வந்தார். குசராத்தில் பவநகரில் 1920இல் பாலர் மந்திர் கண்டு அவர் நெறியை இம்மண்ணுக்கேற்ப வளர்த்த கிஜுபாய் பதேகா, அவ்வாண்டு சூன் மாதத்தில்தான் மறைந்திருந்தார். அவ்விருவரும் அடையாற்றில் சந்தித்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

சில மாதங்களுக்கென வந்த பயணம் போரால் நீண்டது. 1940 சூன் 10இல் இத்தாலி போரில் இறங்கியதும் பகை நாட்டவர் என்ற முறையில் மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றுத் தோட்டத்தை விட்டு வெளியேறலாகாது என ஆணை பிறந்தது. 42 வயது மகனைப் பிரிந்த அத்தாய், அவன் குழந்தைப் பருவத்துப் பிரிவை அந்த ஆலமரத்து நிழலில் எண்ணியிருப்பாரா? ஆகஸ்டு 31இல் அவரது எழுபதாம் பிறந்த நாளுக்குப் பரிசாக மரியோவை விடுவிப்பதாக அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. அத்தந்தி மரியோவை அவர் மகன் என்றே குறித்திருந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேல் ஊர் முன் சொல்லப்படாத அச்சொல்லை, அயலாட்சியின் அலுவலகத்தாள் ஒன்று சொல்லிவிட்டது.

1942 முதல் 1944 வரை தாயும் மகனும் கொடைக்கானலில் வாழ்ந்தனர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன உடனிருந்து உதவினார். குளத்துச் சிற்றுயிரும் செடி கொடியும் பாடமாயின. ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கான அவரது கல்விச் சிந்தனை அம்மலையில்தான் முழு உருப்பெற்றது. இந்நாட்டுத் தாயர் குழந்தையை இடுப்பில் சுமந்தே சந்தைக்கும் வேலைக்கும் செல்வதை அவர் கூர்ந்து நோக்கினார். உலகத்தைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளைக்கு அழுவதற்குக் காரணம் குறைவு என்பது அவர் கருத்து.

1946இல் ஐரோப்பா திரும்பியவர் 1947இல் மீண்டும் வந்து, 1949 வரை இங்குப் பயிற்சியளித்தார். குழந்தை மனத்தின் ஈர்க்கும் ஆற்றல் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல், அகமதாபாத்துச் சொற்பொழிவுகளின் தொகுப்பாக, 1949இல் சென்னையில்தான் முதலில் அச்சேறியது. அவரிடம் இந்நாட்டில் பயிற்சி பெற்றோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

1952 மே 6ஆம் நாள், ஆலந்து நாட்டின் நூர்த்வைக் என்னும் கடற்கரை ஊரில் அவர் உயிர் நீத்தார். இறந்த இடத்திலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே அக்கடலோரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மரியோ அதன்பின் முப்பதாண்டுகள் வாழ்ந்து, தாயின் பணியைத் தொடர்ந்து நடத்தி, 1982இல் மறைந்தார்.